குழந்தையின் நெஞ்சில் நீர் கோத்தால்
(தொடர்கல்வி மையக் கூட்டத்தில் பேசிய பேச்சு)



இன்றைய பேச்சு குழந்தைகளின் நெஞ்சைப் பற்றியது. நிமோனியா என்ற நோயை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சளிக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். நிமோனியா வந்த குழந்தைகளில் சிலருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும். அது சீழாகவும் மாறும். அப்போது ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? எதற்காகச் செய்வார்கள்? பெற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது குணமாகும் நோய். காலத்தோடு கொண்டுபோக வேண்டும். முழுச் சிகிச்சை கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் பழையபடி ஓடி ஆடுவார்கள். பயந்துபோய் பாதியில் விடுவதுதான் ஆபத்து.

நீர் எங்கே கோக்கிறது?

நமக்கு இரண்டு நுரையீரல்கள். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. மூச்சை இழுத்தால் விரியும். விட்டால் சுருங்கும்.

ஒவ்வொரு நுரையீரலைச் சுற்றியும் இரண்டு மெல்லிய தோல்கள் உண்டு. வெங்காயச் சருகு போல மெல்லியவை. ஒன்று நுரையீரலை ஒட்டியிருக்கும். மற்றொன்று நெஞ்சுக் கூட்டை ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சமே கொஞ்சம் ஈரம் இருக்கும். வண்டி அச்சுக்கு மசகு போல. அதனால்தான் நுரையீரல் உரசாமல் அசைகிறது.

நிமோனியா என்பது நுரையீரலுக்குள் கிருமி புகுந்து வரும் நோய். கிருமியால் நுரையீரல் புண்படுகிறது. அப்போது இந்த இரண்டு தோல்களுக்கும் நடுவில் நீர் கசிகிறது. கொஞ்சமாக இருந்தால், நிமோனியாவுக்குக் கொடுக்கும் மருந்திலேயே வற்றிவிடும். நிறையச் சேர்ந்தால் நுரையீரலை அமுக்கும். நுரையீரல் விரிய இடம் இருக்காது. குழந்தை மூச்சுக்குத் திணறும்.

சிலர் சொல்வார்கள்: "குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் நெஞ்சில் இறங்கிவிட்டது." இது உண்மை இல்லை. தலைக்கு ஊற்றிய தண்ணீர் நெஞ்சுக்குள் போக வழியே இல்லை. குடித்த தண்ணீரும் அங்கே போகாது. அது வயிற்றுக்குத்தான் போகும். நெஞ்சில் கோப்பது கிருமியால் கசிந்த நீர். ஆகவே காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்தக் கூடாது. டாக்டர் அளவு சொன்னால் அந்த அளவில் கொடுங்கள்.

கஞ்சியை நினைத்துக்கொள்ளுங்கள்

இந்த நீர் மூன்று நிலைகளில் மாறும்.

முதல் நிலையில், அப்போது வடித்த கஞ்சித் தண்ணீர் போல மெல்லியதாக இருக்கும்.

நாள் ஆக ஆகச் சீழ் பிடிக்கும். ஆறிய கஞ்சி போலக் கெட்டியாகும். நடுநடுவே ஆடை படியும். அறை அறையாகத் தடுத்துக்கொள்ளும்.

அப்படியும் விட்டுவிட்டால் மூன்றாம் நிலை. பானை அடியில் காய்ந்த கஞ்சி போல ஒட்டிக்கொள்ளும். நுரையீரலைச் சுற்றித் தடித்த தோலாக இறுகிவிடும். நுரையீரல் விரிய முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

மெல்லிய கஞ்சியைச் சாய்த்தால் கொட்டிவிடும். கெட்டியானதைக் கரைத்துத்தான் கொட்ட வேண்டும். காய்ந்ததைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் இதே போலத்தான். சீக்கிரம் போனால் சின்னச் சிகிச்சை. தாமதித்தால் பெரிய சிகிச்சை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நிமோனியாவுக்கு மருந்து கொடுத்தால், இரண்டு நாளில் குழந்தை தெளிய ஆரம்பிக்க வேண்டும். இரண்டு நாள் மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். காய்ச்சல் விட்டுத் திரும்ப வந்தாலும் சந்தேகப்பட வேண்டும். இன்னும் சில அடையாளங்கள் உண்டு.

குழந்தை வேகமாக மூச்சு விடும்.
ஒரு பக்கமாகவே படுக்கும்.
மூச்சை இழுத்தால், இருமினால் நெஞ்சு வலிக்கிறது என்று அழும். சில குழந்தைகள் வயிறு வலிக்கிறது என்று சொல்லும்.
சட்டையைக் கழற்றிப் பார்த்தால், ஒரு பக்க நெஞ்சு அசைவது குறைவாக இருக்கும்.

மூச்சை எண்ணுவது எல்லோராலும் முடியும். நூறு வரை எண்ணத் தெரிந்தால் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது எண்ணுங்கள். தூங்கும்போது எண்ணுவது சுலபம். வயிறும் நெஞ்சும் ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரம் வைத்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: 60 அல்லது அதற்கு மேல் என்றால் வேக மூச்சு.
2 மாதம் முதல் 1 வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்.
1 வயது முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்.

வேக மூச்சு இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பால் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, கூப்பிட்டால் கண் திறக்காத மயக்கம், உதடு நீலம் பாய்தல் ஆகியவையும் அப்படித்தான். இவற்றில் எது இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரும்பாலான மாநிலங்களில் 108-ஐக் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வரும். அதற்குக் காசு இல்லை.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் மாநிலங்களின் சில பகுதிகளில் ஒரு கொடுமையான பழக்கம் உண்டு. மூச்சுத் திணறும் குழந்தையின் நெஞ்சிலும் வயிற்றிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவார்கள். அப்படிச் சூடுபட்டுக் குழந்தைகள் செத்ததும் உண்டு. சூடு தோலைத்தான் பொசுக்கும். உள்ளே இருக்கும் சீழைத் தொடக்கூடத் தொடாது. நோயோடு தீப்புண்ணும் சேரும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரமும் வீணாகும்.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம்

செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். புருஷன், மனைவி, ஒரு பாட்டி. 4 வயதில் ஒரு பெண் குழந்தை.

குழந்தைக்குச் சளி, காய்ச்சல். டாக்டர் நிமோனியா என்று மருந்து கொடுத்தார். மூன்று நாள் ஆயிற்று. காய்ச்சல் இறங்கவில்லை. குழந்தை வலப்பக்கமாகவே சுருண்டு படுத்தது. தாய் மூச்சை எண்ணினாள். 52 வந்தது.

பாட்டி, "ஒத்தடம் கொடுத்தால் போதும். நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள்.

தாய் ஒத்துக்கொள்ளவில்லை. "நாற்பதைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள், அத்தை. இது ஐம்பதையே தாண்டிவிட்டது" என்றாள். அன்றே மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் காற்று உள்ள நுரையீரல் கறுப்பாகத் தெரியும். நீர் வெள்ளையாகத் தெரியும். வலப்பக்கம் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. பிறகு ஸ்கேன் செய்தார்கள். நீர் எவ்வளவு, மெல்லியதா கெட்டியா என்று ஸ்கேனில் தெரியும். ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்துப் பார்த்தார்கள். சீழாக இருந்தது.

டாக்டர் சொன்னார்: "நெஞ்சில் குழாய் போட வேண்டும்."

தகப்பன் ஆடிப்போனான். "குழாய் வேண்டாம் சிஸ்டர். ஊசி மருந்து மட்டும் போடுங்கள். குழாய் போட்டால் பிழைக்காது என்கிறார்கள்" என்று நர்ஸிடம் கெஞ்சினான்.

நர்ஸ் கேட்டாள்: "உங்கள் காலில் கட்டி பழுத்தால் என்ன செய்வீர்கள்?"

"சீழை எடுத்துவிடுவோம்."

"எடுக்காமல் மாத்திரை மட்டும் போட்டால்?"

"ஆறாது."

"நெஞ்சுக்குள்ளும் அப்படித்தான் ஐயா. சீழ் மூடிக் கிடக்கிற இடத்துக்குள் மருந்து போய்ச் சேருவது கஷ்டம். சீழை எடுத்தால் மருந்து வேலை செய்யும். நுரையீரலும் விரியும். குழாயால் சாவது மிக மிக அரிது. முற்றிப்போன பிறகு கொண்டுவருகிறார்கள். அப்போது குழாய் போட்டும் சில குழந்தைகளைக் காப்பாற்ற முடிவதில்லை. ஊர் குழாய்மேல் பழி போடுகிறது."

இரண்டு காகிதங்கள்

அந்தத் தகப்பன் முன்னால் இரண்டு காகிதங்கள் இருந்தன.

ஒன்று, குழாய் போடச் சம்மதம் என்ற காகிதம். மற்றொன்று, டாக்டர் சொல்லியும் கேளாமல் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்ற காகிதம்.

இந்த இரண்டாவது காகிதத்தில்தான் பல குழந்தைகளின் உயிர் போகிறது. எத்தனையோ பேர் அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். கூலி போகிறதே என்ற கவலை ஒரு பக்கம். வீட்டில் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற கவலை ஒரு பக்கம். "பெண் குழந்தைதானே, இவ்வளவு செலவு எதற்கு?" என்று கேட்கும் சொந்தக்காரர்களும் உண்டு. ஆண் குழந்தையானாலும் பெண் குழந்தையானாலும் மூச்சு ஒன்றுதான்.

அந்தத் தாய் எழுத்துக் கூட்டிப் படித்தாள். சம்மதம் என்ற வார்த்தையைப் படித்தாள். குழந்தையின் பெயர் சரியாக இருக்கிறதா, வலப்பக்கம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தாள். புரியாததைக் கேட்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்பது உங்கள் உரிமை.

குழாய் எப்படி வேலை செய்கிறது?

அக்குளுக்குக் கீழே, விலா எலும்புகளின் நடுவில், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்வார்கள். சின்னக் குழந்தை என்றால் தூங்க மருந்து கொடுப்பார்கள். பிறகு மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் தையல் போடுவார்கள். குழாய் நுரையீரலுக்குள் போவதில்லை. அந்த இரண்டு தோல்களுக்கும் நடுவில்தான் இருக்கும்.

குழாயின் மறுமுனை ஒரு பாட்டிலுக்குப் போகும். பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். குழாயின் நுனி அந்தத் தண்ணீருக்குள் முங்கியிருக்கும். எதற்கு? உள்ளே இருக்கும் சீழும் காற்றும் வெளியே வரலாம். வெளிக்காற்று உள்ளே போகக் கூடாது. தண்ணீர்தான் அதற்குக் கதவு. குழந்தை மூச்சு விடும்போது குழாயில் தண்ணீர் ஏறி இறங்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

பாட்டில் எப்போதும் குழந்தையின் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டிலுக்குக் கீழே தரையில் வைப்பார்கள். உயரத் தூக்கினால் அழுக்கு நீர் திரும்ப நெஞ்சுக்குள் போய்விடும்.
குழாய் மடங்கக் கூடாது. அதன்மேல் குழந்தை படுக்கக் கூடாது.
நாமாகக் குழாயை அடைக்கக் கூடாது. தேவைப்பட்டால் நர்ஸ் செய்வாள்.
பாட்டில் கவிழ்ந்தாலோ உடைந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.
குழாய் கழன்று வந்துவிட்டால், அந்தத் துளையைச் சுத்தமான துணியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிட வேண்டும்.

வலிக்கு மருந்து உண்டு. குழந்தை வலிக்கிறது என்றால் சொல்லுங்கள். வலி குறைந்தால்தான் குழந்தை நன்றாக மூச்சு இழுக்கும், இருமும். டாக்டர் சொன்ன பிறகு உட்கார வையுங்கள். பாட்டிலைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்க வையுங்கள்.

குழாயோடு கிருமியைக் கொல்லும் மருந்தும் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். மூச்சு திணறினால் ஆக்சிஜன் வைப்பார்கள்.

குழாய் போட்ட மறுநாளே காய்ச்சல் விட்டுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில நாள் ஆகலாம். இந்த நாட்களில்தான் பெற்றவர்கள் பொறுமை இழக்கிறார்கள். "ஒன்றும் கேட்கவில்லை, வேறு இடம் போகலாம்" என்று கிளம்புகிறார்கள். பொறுங்கள். சீழ் வருவது நின்று, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருந்தால் குழாயை எடுத்துவிடுவார்கள். எடுப்பது சில நொடி வேலைதான்.

குழாயில் சீழ் இறங்கவில்லை என்றால்?

சீழ் கெட்டியாகி இருந்தால் குழாயில் இறங்காது. அப்போது அதைக் கரைக்கும் மருந்தைக் குழாய் வழியாகவே உள்ளே விடுவார்கள். கொஞ்ச நேரம் மூடி வைத்துத் திறப்பார்கள். கரைந்து வந்துவிடும். பல குழந்தைகளுக்கு இதுவே போதும்.

இதிலும் சரியாகாவிட்டால் ஆபரேஷன் செய்வார்கள். சின்னத் துளைகள் போட்டு, காமிரா விட்டுச் சுத்தம் செய்யலாம். நன்றாக இறுகிவிட்டால் நெஞ்சைத் திறந்து, தடித்த தோலை உரித்து எடுப்பார்கள். இந்த ஆபரேஷன் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்கும். அங்கே அனுப்பினால் தயங்காமல் போக வேண்டும்.

காசநோயாகவும் இருக்கலாம்

நம் நாட்டில் நெஞ்சில் நீர் கோக்க இன்னொரு காரணமும் உண்டு. அது காசநோய். வாரக்கணக்கில் காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால் மறைக்காதீர்கள். எடுத்த நீரை அதற்கும் சோதித்துப் பார்ப்பார்கள். காசநோய் என்றால் மருந்து வேறு. குறைந்தது 6 மாதம் சாப்பிட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். சத்துணவுக்காக நோயாளியின் வங்கிக் கணக்கில் பணமும் போடுகிறார்கள். 2018-இல் மாதம் 500 ரூபாய் என்று தொடங்கிய இந்த உதவி, 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயாக உயர்ந்தது.

செலவுக்கு என்ன வழி?

செலவை நினைத்துப் பலர் திரும்பிவிடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2018-இல் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இந்த அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சை உண்டு. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இது செல்லும். போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையை நோய் வந்த பிறகு தேடாதீர்கள். நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வீட்டுக்கு வந்ததோடு சிகிச்சை முடியவில்லை. வாய் வழியாக மருந்து கொடுக்கச் சொல்வார்கள். ஊசியும் இதுவும் சேர்த்து மூன்று, நான்கு வாரம் ஆகலாம். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நிறுத்தாதீர்கள். மிச்சம் இருக்கும் கிருமி திரும்பக் கிளம்பும்.

ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதில் நான்கு விஷயம் படியுங்கள். மருந்தின் பெயர் என்ன? ஒரு நாளைக்கு எத்தனை வேளை? எத்தனை நாள்? மறுபடி வர வேண்டிய தேதி எது? சீட்டு ஆங்கிலத்தில் இருந்தால், அங்கேயே கேட்டு உங்கள் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளை மருந்து கொடுத்ததும் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள்.

நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். எக்ஸ்ரே முழுவதும் சரியாகச் சில மாதம் ஆகும். குழந்தை கொஞ்ச நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாலும் பயப்படாதீர்கள். வலி போனதும் நிமிர்ந்துவிடும்.

காய்ச்சல் திரும்பினாலோ, மூச்சு வேகமானாலோ, தையல் இடத்தில் சீழ் வந்தாலோ தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

நோயில் குழந்தை இளைத்துப்போயிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி ஊட்டுங்கள். பருப்பு, முட்டை, பால், வேர்க்கடலை, கீரை எல்லாம் கொடுக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பாலை நிறுத்தக் கூடாது.

வராமல் தடுக்கலாமா?

தடுக்கலாம். நிமோனியாவைக் குறைத்தால் இதுவும் குறையும்.

நிமோனியாவுக்கு எதிரான தடுப்பூசி ஒன்று உண்டு. பி.சி.வி. என்று பெயர். 2017-இல் சில மாநிலங்களில் இதைத் தொடங்கினார்கள். 2021-இல் நாடு முழுவதும் வந்தது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய மூன்று தடவை போட வேண்டும். 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியும் ஒரு வகை நிமோனியாக் கிருமியைத் தடுக்கும். தட்டம்மைக்குப் பின்னாலும் நிமோனியா வரும். ஆகவே அந்த ஊசியும் அவசியம். எல்லாம் அரசு மையங்களில் இலவசம்.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். அடுப்புப் புகை சூழ்ந்த இடத்தில் குழந்தையைக் கிடத்தாதீர்கள். குழந்தை இருக்கும் வீட்டில் பீடி குடிக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! இன்று வீட்டுக்குப் போனதும் தூங்கும் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். நல்ல மூச்சு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான், கெட்ட மூச்சு வரும்போது அடையாளம் தெரியும். தடுப்பூசி அட்டையை எடுத்துப் படியுங்கள். விட்டுப்போன ஊசி இருந்தால் கிராமச் சுகாதார நர்ஸிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்லுங்கள்.



கலந்து பேசுங்கள்

1. நெஞ்சில் கோக்கும் நீர் எங்கிருந்து வருகிறது?
2. 3 வயதுக் குழந்தை நிமிடத்துக்கு 46 தடவை மூச்சு விடுகிறது. என்ன செய்வீர்கள்?
3. பாட்டிலை ஏன் நெஞ்சுக்குக் கீழே வைக்க வேண்டும்?
4. உங்கள் ஊரில் யாராவது சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியது உண்டா? ஏன் நிறுத்தினார்கள்? மற்றவர்கள் எப்படி உதவியிருக்கலாம்?